சுவருக்கு இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் கதை: புதுவைப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் ஓவியத்துக்கும் தமிழுக்கும் பாடத்திட்டம் வகுக்கிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்க்காரன், மஞ்சக்குப்பத்தில் வீடு. விளம்பரப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது எடுக்கப்போகிற காட்சிகளைக் கட்டம் கட்டமாக, வரைந்து கொடுப்பது பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை சொல்லிக்கொடுக்கிறேன், அதில் காசு கிடையாது, முறுக்குச் செலவும் என்னுடையதுதான். வேலை விஷயமாக வாரம் இரண்டு தடவையாவது புதுச்சேரி பஸ் ஏறுகிறேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வண்டி நின்று நின்று அரியாங்குப்பம் வரும்போது, பாரதியார் பல்கலைக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கடிதம் இது.

கேட்பது ஒன்றுதான். சித்திரக்கதையை ஒரு பாடமாக வையுங்கள். ஆனால் தயவுசெய்து ஓவியத் துறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஓவியம் சொல்லிக்கொடுப்பவரும் தமிழ் சொல்லிக்கொடுப்பவரும் ஒரே வகுப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்து நடத்துகிற பாடமாக வையுங்கள்.

சேர்ந்து நடத்துவதில் இவனுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். அதற்கு எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. அரையாண்டு லீவுக்குப் பண்ருட்டிப் பக்கம் தாத்தா ஊரில் இருந்தேன். அந்தப் பக்கத்துப் பலா, முந்திரியெல்லாம் ஒரே ராத்திரியில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து (எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்) கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அந்த ராத்திரியை 24 பக்கச் சித்திரக்கதையாக வரைந்தேன். முதல் வரைவில், வாசலில் நின்ற பலாமரம் சாய்கிற காட்சியை இரண்டு பக்கத்துக்கு விரித்து, வேரெல்லாம் தெறிக்க, மின்னல் எல்லாம் போட்டு அமர்க்களமாக வரைந்திருந்தேன். தாத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அன்னிக்கு நாம எல்லாரும் உள்ளல்லடா இருந்தோம், இத யார்றா பாத்தா?” என்றார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது இப்படி: ஒன்பதாம் பக்கத்தில் தாத்தா அரிக்கேன் விளக்கோடு ஆட்டை அடுப்படிக்குள் கட்டுகிறார், ஜன்னல் வழியாக மரத்தை ஒரு தடவை பார்க்கிறார், கடைசிக் கட்டத்தில் விளக்கு அணைகிறது. பக்கத்தைப் புரட்டினால் இடது பக்கம் முழுக்கக் கறுப்பு, “ஓ” என்ற ஒரே எழுத்து மட்டும் மேலிருந்து கீழ்வரை இழுபட்டுக் கிடக்கும். வலது பக்கத்தில் விடிந்திருக்கும். மரம் நின்ற இடத்தில் வானம். மரம் விழுவதை நான் எங்கேயும் வரையவில்லை, அது அந்த மடிப்பில், படிக்கிறவர் தலைக்குள் விழும்.

டிஸ்ப்ளே அன்று 24 பக்கத்தையும் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முன்னும் பின்னும் நடந்தார். “இதுல எதுப்பா படம்? நான் எதுக்கு மார்க் போடறது?” என்று கேட்டார். நக்கல் எல்லாம் இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் மூன்றடி கான்வாஸில் பெரிதாக்கி, கட்டக்கோடுகளை எடுத்துவிட்டு, பெயிண்டிங்காகக் கொடு என்று முடிவானது. கொடுத்தேன். விளக்கும் ஆடும் கிழவரும். ‘கிராமிய மணம்’ என்று பாராட்டினார்கள். மார்க் நன்றாகத்தான் வந்தது. சுவரில் மாட்டிய படத்தை யாரும் புரட்ட முடியாது என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, ஓவியக்காரர்களுக்குத்தான் புரியவில்லை, தமிழய்யாவிடம் காட்டுவோம் என்று போனேன். அன்பானவர், மலர்க்குழுவில் இருந்தவர். “படமெல்லாம் பிரமாதம்ப்பா, கதைய மட்டும் தனியா எழுதிக் குடு, மலர்ல போட்டுடலாம்” என்றார். என் கதையில் மொத்தமே நாற்பது வார்த்தைதான் இருந்தது.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபமில்லை. அவரவர் துறைக்குள் நின்று பார்த்தால் அவரவர் சொன்னது நியாயம்தான். படம் சுவருக்கு இந்தப் பக்கமும் கதை அந்தப் பக்கமும் இருந்தால் சித்திரக்கதை சுவர்மேல்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இப்போது என் மாடி வகுப்பில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி நாலு கட்டத்தில் ஒரு கதை போட்டாள். பையன் விளையாடிவிட்டு லேட்டாக வீட்டுக்கு வருகிறான், வாசலில் அம்மா நிற்கிறார். அம்மா தலைக்கு மேலே பேச்சு எழுதுகிற பலூனில் “எங்கே சென்றாய் மகனே?” என்று எழுதியிருந்தாள். “உங்க அம்மா இப்படியா கேப்பாங்க?” என்றேன். சிரித்தாள், ரப்பரால் அழித்தாள், “எங்கடா போய்த் தொலஞ்ச?” என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் சொல்லாமலே அம்மாவையும் அழிக்க ஆரம்பித்தாள். இரண்டு கையையும் தொங்கவிட்டு நேராக நின்றுகொண்டிருந்த அம்மா இப்போது ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையில் கரண்டியோடு, ஒரு காலை வாசற்படிக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டார். அடுத்த கட்டத்தில் பையன் சும்மா நிற்க முடியுமா, அவனையும் இரண்டடி பின்னால் நகர்த்தினாள். மூன்று வார்த்தை மாறியதில் ஒரு பக்கமே மாறிப்போனது. இதை எந்தத் துறை சொல்லிக்கொடுக்கும், சொல்லுங்கள்? உடம்பு வரைவது ஓவியத் துறை. பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்பது தமிழ்த் துறை. அந்தப் பெண் செய்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்று.

பலூன் என்றதும் இன்னொன்று. சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும், ஆனால் எனக்கு இதில் பைத்தியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து, தலையும் காலும் ஒரே மட்டத்தில் செங்கல் அடுக்கின மாதிரி நிற்கும், வரிக்கு வரி நெருக்கி எழுதலாம். நம் எழுத்து அப்படியா? கி, கீ மேலே கொக்கி போடும், கு, மூ கீழே வால்விடும், மேல்வரியின் வால் கீழ்வரியின் கொக்கியில் சிக்கிக்கொள்ளும். அதனால் வரிக்கு நடுவே இடம் விட்டாக வேண்டும். வார்த்தையும் நீளம்: ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே வார்த்தை பாதி கட்டத்தை விழுங்கிவிடும், ‘வந்துட்டிருக்காங்க’ என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். உடைத்து இரண்டு வரியாகப் போட்டால் எங்கே உடைப்பது? முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த காலத்திலிருந்து இன்றுவரை சிவகாசியில் மொழிபெயர்ப்பவர்களும் எழுத்துப் போடுகிறவர்களும் வேறு மொழிக்காக வரைந்த பலூனுக்குள் தமிழை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு தனி வித்தை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் அவர்களோடேயே இருக்கிறது, எந்தக் கல்லூரியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்ததாக நான் பார்த்ததில்லை. தமிழுக்கென்றே முதலிலிருந்து பக்கம் அமைத்தால் பலூன் எந்த வடிவத்தில் இருக்கும் என்ற கேள்வி ஒரு செமஸ்டருக்குத் தாங்கும்.

வடிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கர் வாழ்க்கையைப் படக்கதையாக வரைந்தார்கள், 2011இல் வந்தது. கட்டம் கட்டி ஆட்களை அடைக்க மாட்டோம் என்று சொல்லித் தங்கள் ஊர்ச் சுவர்க்கோலத்தை வைத்தே பக்கத்தைப் பிரித்தார்கள். மென்மையாகப் பேசுகிறவர்களின் பலூன் பறவை வடிவத்தில் இருக்கும், விஷமாகப் பேசுகிறவர்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு வால். யாரும் விளக்காமலே புரியும். நம் பக்கத்தில் இதற்குச் சமமாக என்ன இருக்கிறது என்று தேடினால், கடலூர், விழுப்புரம் கிராமங்களில் இன்னும் ஆடுகிற தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியே வந்து நம்மிடமும் பேசுவான், ராஜாவையே கிண்டலடிப்பான். சித்திரக்கதையில் கட்டத்தின் மேல்மூலையில் ‘அப்போது...’ என்று ஒரு பெட்டி வருமே, அந்த உயிரில்லாத பெட்டிக்குப் பதில் கட்டியங்காரனை நிறுத்தினால் எப்படி இருக்கும்? இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை என்றால் உங்கள் மாணவர்கள் செய்யட்டும்.

தமிழ்த் துறையிலிருந்து என்ன வரும் என்று கேட்பீர்களோ? நிறைய வரும். தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நாம் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட பட்டியல். ஒரே முகத்தை எட்டுக் கட்டத்தில் வரையச் சொல்லுங்கள், இளிவரலுக்கும் அழுகைக்கும் புருவத்தில் என்ன வித்தியாசம் என்று பேனாவோடு உட்காரும்போதுதான் அந்தப் பட்டியல் என்னவென்று புரியும். ஒலிக்குறிப்புக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. சலசல, மடமட, பொத், தொப், சடார், விர்ர். ‘பொத்’தென்று விழுவது ஒரு பொருள், ‘தொப்’பென்று விழுவது வேறு பொருள், அம்மிக்கல்லைத் ‘தொப்’ என்று விழவைத்தால் படிக்கிறவன் சிரிப்பான்.

‘இதெல்லாம் எங்கள் முன்னோர் அன்றே செய்தது’ என்று மார்தட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனாலும் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல்லவ அரசர்களின் கதையை வரிசையாகச் செதுக்கி, சில சிற்பங்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்களே, எட்டாம் நூற்றாண்டில், அதைப் பார்க்கப் பிள்ளைகளை ஒரு நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். மார்தட்ட வேண்டாம், எந்தக் காட்சியை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்து, ‘இந்தியா’ பத்திரிகையை இங்கிருந்து 1910 வரை நடத்தினார். முதல் பக்கத்தில் பெரிய கருத்துப்படம், கூடவே அதற்கு விளக்கம். தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்தை ஒரு வழக்கமாக ஆக்கியவரே அவர்தான் என்பார்கள். படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்று தனிப் பத்திரிகை தொடங்கவும் நினைத்திருந்தார். அதாவது, படத்தையும் எழுத்தையும் பிரிக்காமல் பார்த்த ஒரு கவிஞர், நாம் இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு மஞ்சள் சுவர் காட்டுகிற இதே ஊரில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். பாரதி பாடம் நடத்தும்போது அந்த முதல் பக்கங்களில் ஒன்றையாவது வகுப்பில் காட்டுகிறோமா?

பிரெஞ்சு ஊர், பிரெஞ்சு ஊர் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் காமிக்ஸை ஒன்பதாவது கலை என்று கணக்கில் சேர்த்துப் பல காலமாகிறது. அங்குலேம் என்ற ஊரில், காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது, 1974இலிருந்து காமிக்ஸ் திருவிழா நடக்கிறது. அந்த ஊர்க் கலைக்கல்லூரியில் படக்கதையைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். ஜப்பானில் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006இல் மாங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸுக்குத் தனிப் புலமே தொடங்கியது, அங்கே பாடம் நடத்திய கெய்கோ தகெமியா என்ற மாங்கா ஓவியர் 2014இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். ஸ்காட்லாந்தில் டண்டீ, சிறுவர் காமிக்ஸ் அச்சடித்தே பெயர் வாங்கிய ஊர், அங்கே பல்கலைக்கழகத்தில் முதுகலையே இருக்கிறது. நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் 1947இல் தொடங்கியதே கார்ட்டூன் வரைபவர்களுக்கான பள்ளியாகத்தான். அதே நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014இல் நிக் சூசானிஸ் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே காமிக்ஸாக வரைந்து கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் கொண்டுவந்தால் பக்க ஓரத்தில் எத்தனை செ.மீ. இடம் விட்டிருக்கிறார் என்று ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்புவோம். விளையாட்டுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி வரும், பெற்றோர் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். காமிக்ஸ் மட்டும் வரைந்து தமிழில் குடும்பம் நடத்த முடியுமா என்றால் முடியாது என்றே சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டோரிபோர்டு, அனிமேஷன், கேம், பாடநூல் படங்கள் என்று என் கூட்டாளிகள் பிழைக்கிற எல்லா இடத்திலும் கேட்கப்படுவது இந்த ஒரு திறமைதான்: எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம். ஏ.வி.ஜி.சி. (அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ்) என்று மத்திய அரசு 2022 பட்ஜெட்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதில் கடைசி ‘சி’ காமிக்ஸ்தான். முதல் மூன்று எழுத்துக்கும் லட்சக்கணக்கில் லேப் வேண்டும், நாலாவது எழுத்துக்குப் பேப்பரும் பேனாவும் போதும். நாம் என்னவோ அதைத்தான் விட்டுவிட்டோம். கம்ப்யூட்டரே இப்போது படம் போட்டுத் தருகிறதே என்பவர்களுக்கு: போடட்டும், மரம் விழுவதை வரையாதே என்று அதற்குச் சொல்ல ஒரு தாத்தா வேண்டும்.

செலவு? நாலு ஏ4 தாள். மடித்து ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் 16 பக்கப் புத்தகம். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், அதன் மறுமுகத்தில் 2ம் 15ம், இப்படியே போனால் நடுத்தாளில் 8ம் 9ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதிர்ச்சியை இரட்டைப்படைப் பக்கத்தில் வை, புரட்டினால்தான் தெரிய வேண்டும் என்ற பாடத்தை இந்த நாலு தாள் கற்றுக்கொடுக்கும், நாம் வாயைத் திறக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் இருபது பிரதி எடுத்து, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை விரித்து உட்காரச் சொல்லுங்கள். யார் எடுத்துப் பார்க்கிறார்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கீழே வைக்கிறார்கள் என்று பார்ப்பதே இன்டர்னல் மார்க்.

மார்க் எப்படிப் போடுவது என்பதுதானே அந்த எக்ஸாமினரின் கஷ்டம். நான் செய்வதைச் சொல்கிறேன்: கடலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த டீ மாஸ்டர் இருக்கிறார், அவரிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவர் படித்துவிட்டு “ஏன் தம்பி, மரம் எங்க போச்சு?” என்று கேட்டால் பாஸ். “இது யாரு?” என்று கேட்டால் திரும்ப வரைய வேண்டியதுதான். உங்கள் ரூப்ரிக்கில், அதாவது மார்க் போடுகிற அளவுகோலில், இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் நடத்துவது என்பது மட்டும் நிஜமான சிக்கல். சித்திரக்கதை தெரிந்தவர்களிடம் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) இருக்காது, நெட் முடித்தவர்களுக்குச் சித்திரக்கதையில் கைப்பழக்கம் இருக்காது. யு.ஜி.சி. 2022இல் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று ஒன்று கொண்டுவந்தது, பட்டம் இல்லாவிட்டாலும் தொழிலில் பழுத்தவர்களை வகுப்புக்கு அழைக்கலாம் என்று. அந்த வழியில் சிவகாசியிலிருந்து எழுத்துப் போடுகிறவர் ஒருவர், பேனர் கலைஞர் ஒருவர், கூத்து வாத்தியார் ஒருவர் என்று வாரத்துக்கு ஒருவரை வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெஸ்ட் லெக்சர் என்றாவது போட்டுக்கொள்ளுங்கள். முதல் வருஷம் விருப்பப் பாடமாக இருந்தால் போதும், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஆறு பேர் ஓவியத்திலிருந்து, ஆறு பேர் தமிழிலிருந்து. ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் சண்டைதான் போடுவார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் இணைத்திருக்கிறேன், அதையும் 16 பக்கச் சித்திரக்கதையாகவே வரைந்திருக்கிறேன், கட்டியங்காரன் வந்து பாடம் பாடமாகச் சொல்லிக்கொண்டு போவான். ஓவியத் துறைக்கு ஒரு பிரதி, தமிழ்த் துறைக்கு ஒரு பிரதி என்றுதான் முதலில் எடுத்தேன், அப்புறம் யோசித்து ஒரே ஒரு பிரதி மட்டும் அனுப்புகிறேன், சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். பத்தாம் பக்கத்தை யாரும் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிடாதீர்கள். நடுப்பின் ஒன்று சரியாக மடங்கவில்லை, கையில் குத்தும், பார்த்துப் பிரியுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு ஸ்டோரிபோர்டுக்காரன்